மலையுயரமும் கூலன்ட் மூடியும்: மைக்ரோலைட் என்ஜின் சூடாவதைக் கண்டறியும் முறை

கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், கூடலூரை ஒட்டிய ஓவேலிப் பள்ளத்தாக்கில் 1000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 97 பாகையிலும், நடுவட்டம் வழியாக ஏறிச்சென்றால் அடையும் உதகையின் 2240 மீட்டர் உயரத்தில் 93 பாகைக்குச் சற்றுக் கீழாகவும் கொதித்துவிடுகிறது. காற்றழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் குறையும் என்ற இந்த விதியை, எல்லமலைக்கும் பெரியசோலைக்கும் ஆட்களையும் தேயிலை மூட்டைகளையும் ஏற்றிச்செல்லும் ஜீப்புகளின் ஓட்டுநர்கள் பாடநூலில் படிக்காமலேயே அறிவார்கள். ரேடியேட்டரில் ஆவி கிளம்பினால் வளைவில் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்து, சூடு தணிந்த பிறகு தண்ணீர் ஊற்றிக்கொண்டு மேலே ஏறுவது மலைச்சாலையின் வழக்கமாகவே இருந்துவந்திருக்கிறது. அதே கோளாறு வானில் நேரும்போது ஓரங்கட்ட இடமில்லை என்பதால், இலகுரக விமானங்களின் கூலன்ட் சுற்றைப் புரிந்துகொள்வது தரையூர்திகளைக் காட்டிலும் பன்மடங்கு முக்கியத்துவம் பெறுகிறது.

நீலகிரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. கோயம்புத்தூர், கோழிக்கோடு, மைசூரு ஆகியவையே அருகிலிருப்பவை. ஆயினும் சமவெளியிலிருந்து மலைக்கு ஏறும் ஒரு சிறிய என்ஜினுக்கு என்ன நேரும் என்பதை விளக்க இந்த மலைச்சரிவை விடப் பொருத்தமான நிலம் தென்னிந்தியாவில் அரிது. இந்தியாவில் மைக்ரோலைட் என்று வழங்கப்படும் இருவர் அமரும் சிறுவிமானங்களில் பெரும்பாலானவை ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஹன் ஊரில் தயாராகும் ரோட்டாக்ஸ் என்ஜின்களால் இயங்குபவை. 2015ஆம் ஆண்டில் விமானப்படை, கடற்படை, தேசிய மாணவர் படை ஆகிய மூன்றுக்குமாக ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனத்திடம் வாங்க ஒப்பந்தமான 194 ‘வைரஸ்’ ரக விமானங்களில் இருப்பது 80 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 912. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானத்தில் அதே குடும்பத்தின் டர்போ பொருத்திய 914 இருந்தது. 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்த புதிய தலைமுறை ஹன்சாவில் எரிபொருள் பீச்சும் வகை 912 இருக்கிறது. ஆகவே இந்நாட்டில் மைக்ரோலைட் என்ஜினின் கூலன்ட் கோளாறு என்று பேசினால், அது பெரும்பாலும் 912 குடும்பத்தின் கோளாறாகவே முடிகிறது.

இந்த என்ஜினின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. கிடைமட்டத்தில் இருபுறமும் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்களின் உடற்பகுதியைக் காற்றே குளிர்விக்கிறது. எரிதல் நடக்கும் தலைப்பகுதியை, அதாவது ஹெட்டை மட்டும் கூலன்ட் குளிர்விக்கிறது. கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்கால் என்ற நீர்மத்தையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து, துருப்பிடிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் சேர்த்த கலவை. என்ஜினின் பின்புறத்தில், கேம் தண்டினால் சுழற்றப்படும் வாட்டர் பம்ப் இந்தக் கலவையை ரேடியேட்டரிலிருந்து உறிஞ்சி, நான்கு தனித்தனி ஹோஸ்கள் வழியாக ஒவ்வொரு ஹெட்டின் அடிப்பகுதிக்கும் அனுப்புகிறது. ஹெட்டுகளின் மேற்பகுதியிலிருந்து சூடாகி வெளியேறும் கலவை, என்ஜினின் உச்சியில் அமைந்த விரிவுத் தொட்டியில் ஒன்றுசேர்ந்து, அங்கிருந்து ரேடியேட்டருக்குத் திரும்புகிறது. விரிவுத் தொட்டியின் தலையில் ஓர் அழுத்த மூடி இருக்கிறது. சூட்டால் பெருகிய கலவை அந்த மூடியின் வால்வைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறிய குழாய் வழியே பக்கத்திலுள்ள ஓவர்ஃப்ளோ பாட்டிலுக்குச் சென்று, என்ஜின் ஆறியதும் மூடியின் மற்றொரு வால்வு வழியாகத் திரும்ப உறிஞ்சப்படுகிறது.

சுற்றிலுள்ள பொருள்களில் மிகவும் மலிவானதும் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் அந்த மூடிதான். ஆனால் மலையுயரத்தில் பறக்கும் என்ஜினுக்கு அதைவிட முக்கியமான பாகம் வேறில்லை என்றே கூறலாம். பழைய 912 என்ஜின்களில் 0.9 பார், பின்னர் வந்தவற்றில் 1.2 பார் என்று குறிக்கப்பட்டிருக்கும் அந்த மூடியின் அளவு, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சுற்றுக்குள் எவ்வளவு கூடுதல் அழுத்தம் தேங்கலாம் என்பதைக் குறிக்கிறது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் ஏறத்தாழ 1 பாரும் மூடியின் 1.2 பாரும் சேர்ந்து 2.2 பார் ஆகும்போது, சரிபாதிக் கலவை சுமார் 130 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். உதகையின் உயரத்தில் வெளிக்காற்றின் பங்கு 0.77 பாராகக் குறைந்துவிடுவதால் மொத்தம் 2 பாருக்குச் சற்றுக் கீழே வருகிறது. கொதிநிலை நான்கு பாகை அளவே குறைகிறது. மூடி சரியாக இருக்கும்வரை மலைக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

மூடியின் ரப்பர் தேய்ந்தோ, ஸ்பிரிங் தளர்ந்தோ, மூடி அமரும் விளிம்பில் தூசி படிந்தோ அழுத்தம் நிற்காமற்போனால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. அப்போது அதே கலவை கடல்மட்டத்தில் 107 பாகை அளவிலும், ஓவேலியின் உயரத்தில் 103 அளவிலும், உதகையின் உயரத்தில் 100-ஐ ஒட்டியும் கொதித்துவிடும். சாதாரணக் கலவை நிரப்பிய 912 என்ஜினுக்குக் கூலன்ட் வெப்பநிலையின் உச்சவரம்பு 120 பாகை. எனவே மீட்டரின் சிவப்புக் கோட்டுக்கு இருபது பாகை கீழே முள் நிற்கும்போதே உள்ளே கலவை கொதித்து, ஆவியாகிப் பாட்டிலுக்குள் பொங்கி, விமானி எதையும் அறியாதபடி வெளியேறிக்கொண்டிருக்கும் நிலை உருவாகிறது. சிவப்புக் கோடு அழுத்தம் இருப்பதாக எடுத்துக்கொண்டு வரையப்பட்டது. அழுத்தம் இல்லாதபோது அந்தக் கோட்டுக்குப் பொருளில்லை. சமவெளியில் மாதக்கணக்காக ஒழுங்காக ஓடிய என்ஜின் மலைமேல் ஏறியதும் கூலன்டைக் கக்குகிறது என்றால், முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியது ரேடியேட்டரோ வாட்டர் பம்போ அல்ல, மூடியே. சாதாரண மோட்டார் பட்டறையில் இருக்கும் கைப்பம்பும் அழுத்தமானியும் இந்தச் சோதனைக்குப் போதும்: ஆறிய என்ஜினில் மூடி இருக்கும் இடத்தில் பம்பைப் பொருத்தி, குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று சில நிமிடங்கள் பார்க்க வேண்டும்; மூடியையும் தனியே அதே பம்பில் பொருத்தி, எந்த அளவில் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். சூடான என்ஜினின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. அழுத்தம் நீங்கிய நொடியில் கலவை முழுவதும் கொதித்து முகத்தில் பீறிடும்.

மூடிக்கு அடுத்து ஐயத்துக்குரியது மீட்டர். முள் ஏறியதும் என்ஜின் சூடாகிவிட்டது என்று முடிவு கட்டுவது இயல்பே ஆயினும், மின்சார வெப்பமானியின் அளவீடு உணரிக்கும் என்ஜினின் உடலுக்கும் மீட்டருக்கும் இடையிலான எர்த் இணைப்பின் தரத்தைச் சார்ந்தது. ரேடியோவையோ எரிபொருள் பம்பையோ இயக்கியவுடன் முள் துள்ளினால் அது வெப்பமாக இருக்க முடியாது, ஏனெனில் உலோகத்தின் சூடு ஒரு நொடியில் மாறுவதில்லை. 912-இல் வழக்கமாக 2, 3 ஆகிய எண்ணுடைய ஹெட்டுகளில் உணரிகள் இருப்பதால், இரண்டின் இணைப்புகளையும் மாற்றிப் பொருத்திப் பார்த்தால் கோளாறு உணரியோடு நகர்கிறதா, கம்பியோடு நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இதைவிட நுட்பமானதும் ஆபத்தானதுமான நிலை ஒன்று உண்டு. பழைய அமைப்பில் உணரி ஹெட்டின் உலோகத்தைத் தொட்டு அளக்கிறது. பின்னர் வந்த அமைப்பில் அது கூலன்டுக்குள்ளேயே மூழ்கியிருந்து அளக்கிறது. கூலன்ட் முழுவதும் கசிந்து போய்விட்டால், உலோகத்தைத் தொடும் உணரி தொடர்ந்து ஏறிக்காட்டி எச்சரிக்கும். மூழ்கியிருந்த உணரியோ இப்போது ஆவியும் காற்றும் சூழ நிற்பதால் உண்மையான சூட்டைக் காட்டத் தவறி, சில வேளைகளில் இறங்கவும் செய்யும். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமின்றித் திடீரெனக் கீழே வருவதைக் கண்டு நிம்மதி அடைவதைப் போன்ற பெரும்பிழை வேறில்லை. தான் ஓட்டும் விமானத்தில் இருப்பது எவ்வகை உணரி என்பதை ஒவ்வொரு விமானியும் ஏறுவதற்கு முன்பே அறிந்திருப்பது கட்டாயம்.

மூடியும் மீட்டரும் குற்றமற்றவை என்று உறுதியான பின்னரே என்ஜின் உண்மையில் சூடாகிறது என்ற முடிவுக்கு வரலாம். அப்போதும் ஸ்பானரை எடுப்பதற்கு முன், எப்போது சூடாகிறது, எதனுடன் சேர்ந்து சூடாகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். தரையில் நகரும்போது மட்டும் முள் ஏறி, பறந்ததும் இறங்கினால் சுற்றில் பெரும்பாலும் பழுதில்லை. ரேடியேட்டர் மீது காற்றுப் படவில்லை என்பதே பொருள். ஏற்றத்தில் மட்டும் ஏறினால் காற்றோட்டமோ கூலன்ட் ஓட்டமோ எல்லைக்கோட்டில் நிற்கிறது. சமநிலைப் பறப்பிலும் இறங்காவிட்டால் அடைப்பு, நலிந்த பம்ப், அல்லது கார்புரேட்டரில் எரிபொருள் குறைந்து காற்று மிகுந்த கலவை எரிவதால் உண்டாகும் மிகைச்சூடு ஆகியவற்றைத் தேட வேண்டியிருக்கும். இத்துடன் ஆயில் வெப்பநிலையையும் ஒப்பிட வேண்டும்: இரண்டும் சேர்ந்தே ஏறினால் குறை காற்றிலோ என்ஜினின் எரிதலிலோ இருக்கிறது, ஆயில் இயல்பாக இருக்கையில் கூலன்ட் மட்டும் ஏறினால் குறை கூலன்ட் சுற்றுக்குள்ளேயே இருக்கிறது. ரேடியேட்டருக்குள் நுழையும் ஹோஸின் சூட்டையும் வெளியேறும் ஹோஸின் சூட்டையும் தரையில் என்ஜின் ஓடும்போதே, சுழலும் புரொப்பெல்லரிலிருந்து விலகி நின்று, தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தால் இன்னொரு தெளிவு கிடைக்கும். இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவாக இருந்து, இரண்டுமே சூடாக இருந்தால் காற்று தன் வேலையைச் செய்யவில்லை. வேறுபாடு மிக அதிகமாக இருந்தும் என்ஜின் சூடாக இருந்தால் கலவை மிக மெதுவாக நகர்கிறது, அதாவது பம்போ குழாயோ தடைபட்டிருக்கிறது.

மலைக்காற்று மெலிந்தது என்பதால் மலையில் என்ஜின் சூடாகும் என்ற பொதுவான நம்பிக்கை பாதி உண்மையே. உதகையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு என்பதால் ரேடியேட்டர் வழியே போகும் காற்றின் நிறை குறைகிறது. ஆனால் அந்தக் காற்று சமவெளிக் காற்றைவிடப் பத்துப் பதினைந்து பாகை குளிர்ந்தது, அதோடு டர்போ இல்லாத என்ஜினின் திறனும் அதே அளவில் குறைந்து குறைவான சூட்டையே உண்டாக்குகிறது. இவை ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுசெய்துவிடுகின்றன. உயரத்திலும் முழுத்திறனைக் காத்துக்கொள்ளும் 914 போன்ற டர்போ என்ஜினுக்கு இந்தச் சலுகை கிடையாது. உண்மையான சோதனை ஏறும் வழியில்தான் இருக்கிறது: மேட்டுப்பாளையத்துச் சமவெளியிலிருந்து உதகை உயரத்துக்கு ஏறத்தாழ 1900 மீட்டர் ஏற வேண்டிய ஒரு மைக்ரோலைட்டுக்கு, நொடிக்கு 4 மீட்டர் ஏறினாலும் எட்டு நிமிடம் ஆகும்; ஆனால் நிமிடத்துக்கு 5800 சுற்று என்ற முழுவேகத்தில் 912 ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது, அதற்குப் பின் 5500-க்கு இறங்கியாக வேண்டும். வேகம் குறைவு, திறன் அதிகம், மூக்கு மேல்நோக்கிய நிலை ஆகிய மூன்றும் ஒருங்கே நீடிக்கும் அந்த நேரத்தில், சமவெளியின் சிறு ஏற்றங்களில் மறைந்திருந்த குறைகள் அனைத்தும் வெளிப்பட்டுவிடும்.

புதிய ஹன்சாவை ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் சோதித்ததுடன் நில்லாமல், 2022 பிப்ரவரி முதல் மார்ச் வரை புதுச்சேரிக்குக் கொண்டுசென்று கடல்மட்டச் சோதனைகளையும் நடத்தி, அவற்றில் என்ஜின் அமைப்பின் செயல்பாட்டையும் மதிப்பிட்டார்கள்.  ஒரே ஓர் உயரத்தில் ஒழுங்காக ஓடிய என்ஜினை எல்லா உயரத்துக்கும் தகுதியானது என்று கொள்ளலாகாது என்ற அந்த அணுகுமுறை, தனியார் மைக்ரோலைட் வைத்திருப்பவர்களும் பின்பற்றத் தக்கது.

காற்றோட்டக் குறைகளைத் தேடும்போது பலரும் ரேடியேட்டரின் முன்புறத் திறப்பைப் பெரிதாக்க முனைகிறார்கள். காற்று உள்ளே வருவதைத் தீர்மானிப்பது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வேறுபாடே என்பதால், வெளியேறும் வழி குறுகலாக இருந்தால் முன்திறப்பைப் பெரிதாக்கி ஒரு பயனும் இல்லை. ரேடியேட்டரைச் சுற்றி விரலளவு இடைவெளி இருந்தாலும் காற்று எளிய வழியைத் தேர்ந்து பக்கவாட்டில் நழுவிவிடும். அந்த இடைவெளிகளை ரப்பர் பட்டையால் அடைப்பது, புதிய ரேடியேட்டர் வாங்குவதைவிடப் பல வேளைகளில் நல்ல பலன் தருகிறது. துடுப்புகளுக்கிடையே பூச்சிகளும் புல்விதைகளும் அடைந்திருந்தால் மென்மையான நீரோட்டத்தால் பின்புறமிருந்து கழுவ வேண்டும்; வண்டி கழுவும் அழுத்தப் பம்பைப் பயன்படுத்தினால் துடுப்புகள் மடிந்து நிரந்தர அடைப்பாகிவிடும்.

கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போவது தனி வகைக் கோளாறு. ஜீப் மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முதலில் கூறுவார். ஜீப்பைப் பொறுத்தவரை அது நியாயமான ஐயம். 912-இல் கூலன்ட் ஹெட்டுக்குள் மட்டுமே ஓடுகிறது, ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இணைப்பை அது கடப்பதே இல்லை. எனவே எரிதலில் உண்டாகும் வாயு கூலன்டுக்குள் நுழைய வேண்டுமானால் ஹெட்டிலேயே விரிசல் விட்டிருக்க வேண்டும், அது அரிது. ஆயில் பாலைப் போல் வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்துவிட்டது என்ற முடிவுக்கும் அவசரப்படலாகாது: வாட்டர் பம்பின் தண்டில் கூலன்டைத் தடுக்கும் சீலுக்கும் ஆயிலைத் தடுக்கும் சீலுக்கும் நடுவே வெளியே திறக்கும் சிறு துளை ஒன்று இருப்பதால், தேய்ந்த சீலிலிருந்து கசிவது ஆயிலுக்குள் போகாமல் பம்பின் அடியில் சொட்டும். அந்தத் துளையிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டும் சீல் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டதன் அறிவிப்பு; ஒழுகுகிறதே என்று துளையைப் பசையிட்டு அடைப்பவர் அந்த அறிவிப்பைத் தாமே அழித்து, கூலன்டை ஆயிலுக்குள் வலிந்து அனுப்புகிறார். ஆயில் வெளுப்பதற்கு மிகவும் பொதுவான காரணம் காற்றின் ஈரமே. தென்மேற்குப் பருவமழையின் மூடுபனி வாரக்கணக்கில் விலகாத கூடலூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த இடங்களில் என்ஜினைச் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டி நிறுத்தினால், உள்ளே படிந்த நீராவி வெளியேறாமல் ஆயிலில் கலந்துவிடும். ஒவ்வொரு பறப்பிலும் ஆயில் 100 பாகையைத் தொடும்படி ஓட்டினால் அது தானே நீங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் கசிவு எதுவும் இல்லாமல், பாட்டிலில் மட்டும் அளவு ஏறிக்கொண்டே போய், விரிவுத் தொட்டியில் குறைந்துகொண்டே வந்தால், கலவை வெளியே போகிறதே தவிரத் திரும்பி வரவில்லை. மூடியின் திரும்பும் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பாட்டிலுக்குச் செல்லும் சிறு குழாயில் உள்ள நுண்ணிய வெடிப்பு வழியே கலவைக்குப் பதிலாகக் காற்று உறிஞ்சப்படலாம். வெண்பொடியும் பச்சைக்கறையும் படிந்த கிளிப்புகள் பழைய கசிவின் தடயங்கள். சூட்டில் விரிந்து அடைபட்டுக்கொள்ளும் இணைப்பு ஆறியபின் கசியும் என்பதால், தேடலை என்ஜின் முற்றிலும் ஆறிய காலை வேளையில் செய்வது நல்லது. ரேடியேட்டரிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால் அது பழுதாவது வேறு விதம்: ரப்பர் இளகிப்போனால் தரையில் மெதுவாக ஓடும்போது உருண்டையாகத் தெரியும் அது, முழுவேகத்தில் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தையே நிறுத்திவிடும். ரப்பர் பாகங்கள் அனைத்தையும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று ரோட்டாக்ஸ் விதித்திருப்பதை வீண்செலவு என்று கருதுவோர் இந்த ஒரு நிகழ்வை எண்ணிப்பார்க்க வேண்டும்.

சுற்றைப் பிரித்துச் சேர்த்த பிறகு வரும் மிகைச்சூட்டுக்குப் பெரும்பாலும் உள்ளே சிக்கிய காற்றே காரணம். விரிவுத் தொட்டி சுற்றின் மிக உயர்ந்த இடமாக இருக்கும்வரை காற்று தானே மேலேறி வெளியேறும்; ரேடியேட்டரோ ஹோஸின் வளைவோ அதைவிட உயர்ந்துவிட்டால் அங்கே காற்றுக்குமிழ் தங்கிவிடும். வால்சக்கர விமானங்கள் தரையில் மூக்கை உயர்த்தி நிற்பதால், பறக்கும் நிலையில் உச்சியாக இருந்த தொட்டி நிரப்பும் நிலையில் உச்சியாக இல்லாமற்போகலாம்; அப்படியானால் வாலைத் தூக்கி நிறுத்தி நிரப்ப வேண்டும்.

மலையிலிருந்து இறங்கும்போது வரும் கோளாறு ஏறும்போது வருவதற்கு நேர்மாறானது, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. திறனைக் குறைத்து நெடுந்தொலைவு இறங்கும்போது என்ஜின் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடுகிறது. ரோட்டாக்ஸ் 582 போன்ற டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களில், கூலன்டின் உச்சவரம்பே 80 பாகையாக இருக்க, சிலிண்டரும் ஹெட்டும் இரண்டுமே கூலன்டால் குளிர்விக்கப்படுகின்றன. ஆறிய சிலிண்டரில் திடீரென முழுத்திறனைத் திறந்தால் பிஸ்டன் உடனே சூடாகி விரிய, சிலிண்டர் இன்னும் விரியாமல் இறுகிப்பிடித்து என்ஜின் நின்றுவிடும். இறக்கத்தில் சிறிதளவு திறனை வைத்துக்கொண்டே வருவதும், இடையிடையே திறனை மெதுவாக ஏற்றி இறக்குவதும் இதைத் தடுக்கும். கூலன்ட் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் தெர்மோஸ்டாட்டைச் சேர்ப்பவர்கள், வழி மூடியிருக்கும்போதும் கலவை என்ஜினுக்குள்ளேயே சுற்றிவர மாற்றுப்பாதை உள்ள வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். மூடிய நிலையில் ஒட்டிக்கொண்ட எளிய தெர்மோஸ்டாட் சில நிமிடங்களில் என்ஜினை அழித்துவிடும்.

நீர் சிறிதும் கலவாத கூலன்ட் ஒன்றும் சந்தையில் உண்டு. 180 பாகைக்கு மேலும் கொதிக்காத அதற்கு மூடியின் அழுத்தம் தேவைப்படுவதில்லை என்பதால் மலையுயரத்துக்கு உகந்ததாகத் தோன்றும். ஆனால் நீரைவிடக் குறைந்த சூட்டையே அது சுமக்க வல்லது, ஹெட்டுகள் முன்னைவிடச் சூடாகவே ஓடும், 100 குதிரைத்திறன் 912-இல் ஹெட்டின் உச்சவரம்பு 135 பாகைதான். வழியில் குறைந்த அளவைத் தண்ணீரால் நிரப்பவும் முடியாது. காற்றோட்டம் சீராக இருக்கும் விமானத்துக்கு நல்ல மூடியும் சரிபாதிக் கலவையுமே போதுமானவை. அந்தக் கலவைக்கும் ஓடைநீரோ குழாய்நீரோ ஆகாது. அவற்றில் கரைந்துள்ள உப்புகள் ஹெட்டின் குறுகிய வழிகளில் படிந்துவிடும்.

மாற்றியெடுத்த பழைய கூலன்டைத் தரையில் கொட்டுவது எங்கும் தவறு. யானைகளும் காட்டுமாடுகளும் குடியிருப்புகளுக்கு ஊடாக நடமாடும் ஓவேலி போன்ற ஊர்களில் அது பெருங்குற்றம். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது, விலங்குகள் விரும்பி நக்கும், சிறிதளவே நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யப் போதுமானது. வடித்த கலவையை மூடியுள்ள கேனில் சேர்த்து, பட்டறைக் கழிவுகளை முறையாகப் பெற்றுக்கொள்வோரிடம் ஒப்படைக்க வேண்டும். சிந்திய இடத்தை அன்றே நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீர் ஓடையில் சேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.